நாற்பத்தேழாம் நம்பர்ச் சக்கரம்

அன்றைக்கு மீன் சட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புப் பல்சக்கரம் இருந்தது. நான் அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பல் போன சக்கரம். சந்தனமும் எண்ணெயும் கரியும் சேர்ந்து அதன் முகத்தில் ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. புளித்தண்ணீர் பட்டதும் கோயில் வாடையும் கொல்லன் பட்டறை வாடையும் கலந்து எழும்பின.

என் வீட்டுக்காரர் யோசுவா அடுக்களை வாசலில் குந்தியிருந்தார். மரம் அறுக்கும் மில்லில் எஞ்சின் ஓட்டுகிறவர் அவர். அந்த எஞ்சின் நின்றுபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

"ஏட்டி, மெதுவாத் தேய். எழுத்து இருந்தா அழிஞ்சிரப் போவுது."

"இரும்புல வார்த்த எழுத்து புளிக்கு அழியுமா? நீங்க பேசாம இருங்க."

பத்தாமுதயத்துக்கு, அதாவது சித்திரை பத்தாம் தேதிக்கு, இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. அதற்குள் எஞ்சின் ஓடாவிட்டால் நான் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த அந்த அடுக்களை எனக்கு இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் இந்தத் தொடரில், யோசுவா பழைய மெஷின் சாமானை எழுத்தைப் பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்தவர் என எழுதியிருந்தேன். அந்த வித்தையை அவர் எங்கே படித்தார் என்று ஒரு வாசகர் கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அவர் படிக்கவில்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

வீடு யாருக்கு

மில் திருவட்டாற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஆற்றோரத்தில் இருந்தது. முன்னால் வெட்டிய மரத்தடி அடுக்கும் டிப்போ, பின்னால் மில், அதற்கும் பின்னால் எங்கள் வீடு. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, ஒரு பலாமரம். நாள் முழுக்க மரத்தூள் பறந்து சோற்றில் விழும். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அந்த வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போடவும் எடுக்கவும் நான் யாரிடமும் கேட்க வேண்டாம்.

அதற்கு முன் புதுக்கடையில் மாமியார் வீட்டில் இருந்தோம். ஒன்பது பேருக்கு ஒரு அடுக்களை. என் மாமியார் நல்லவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் பெஞ்சில் இருப்பார். மற்ற ஆறு நாளும் வீட்டில் இருப்பார், அதுதான் சிரமம். உப்பு ஜாடிக்கு, எங்கள் பேச்சில் உப்புப் பரணிக்கு, பூட்டுப் போட்ட ஒரே குடும்பம் அந்த வட்டாரத்தில் எங்களுடையதுதான்.

மில் முதலாளி தாணுப் பிள்ளை நாஞ்சில்நாட்டு வயல்காரக் குடும்பம். நெற்றியில் திருநீறு, தோளில் நேரியல், வாயில் எப்போதும் வெற்றிலை. கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன். அவர் மிகவும் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"யோசுவா, வீடு எஞ்சினுக்குள்ளதாக்கும். எஞ்சின் ஓட்டுகவன் அதுல இருப்பான். இடவப்பாதி மழைக்கு முன்ன கூரை போடணும்னு ஊருபட்ட ஆளு தடியக் கொண்டு போட்டிருக்கான். பத்தாமுதயம் வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா நாகருகோயில்ல இருந்து ஒருத்தனக் கூட்டிட்டு வரணும். அவனுக்கும் பொண்டாட்டி பிள்ளை உண்டும் இல்லியா?"

அந்த நாகர்கோயில்காரனின் பெண்டாட்டியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவள் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

சாயிப்பு சொன்னது

எஞ்சின் புதிதல்ல. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் ஓடிக் களைத்து, துரைமாருக்கு வேண்டாமென்று ஆனபின் தாணுப் பிள்ளை வாங்கி, மாட்டுவண்டியில் இறக்கியது. அதன் வெளிப்பக்கத்தில் சுற்றும் பெரிய பல்சக்கரம்தான் பல் தெறித்து நின்றுவிட்டது.

உடைந்த சக்கரத்தின் நடுவில், அச்சு நுழையும் குடத்தில், 47 என்று ஒரு எண் ஆழமாகப் பதிந்திருந்தது. யோசுவாவுக்கு ஆங்கில எழுத்து வராது, எண் வரும். "நாப்பத்தேழாம் நம்பர்ச் சக்கரம் கெடச்சா தீர்ந்துது" என்றார்.

எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். மிஷன் போர்டிங்கில் ஏழாவது வரை படித்தவள். மில்லுக்குப் பக்கத்திலிருந்த சபைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லோரும் லேஸ் என்கிறார்கள். கொச்சியில் ஒரு கம்பெனிக்கு நானே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். நாற்பத்தேழு என்று எங்களிடம் எதுவும் கிடையாது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது.

பிறகுதான் புதுக்கடைச் சந்தைக்குப் போனோம். அங்கே பீர் சாயிப்பு பழைய இரும்புக்கடை வைத்திருந்தார். எஸ்டேட்டுகளில் கழித்துக் கட்டின சாமான் எல்லாம் கடைசியில் அவருடைய குவியலுக்குத்தான் வரும். வெயிலில் காய்ந்து, தொட்டால் சுடும் குவியல்.

சாயிப்பு எங்கள் உடைந்த சக்கரத்தை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவினார்.

"யோசுவா, பழைய சாமானத்தக் கண்ணால பாக்கப்படாது. வெரலால பாக்கணும். மேல தூக்கி நிக்குத எழுத்து வார்ப்புல வந்தது. குழிஞ்சு கெடக்குத எழுத்து பெறவு எவனோ அடிச்சது. எவனோ அடிச்சத நம்பாதயும்."

"இதுல தூக்கி நிக்குத எழுத்தே இல்லியே, சாயிப்பு."

"இதுக்க மேல ஒரு படி சந்தனம்லா இருக்கு. அதச் சொரண்டிப் பாத்தேரா?"

பதில் சொல்ல யோசுவாவுக்கு நேரமில்லை. அவர் அதற்குள் குவியலின் மறுபக்கத்துக்குப் போய்விட்டார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் கையில் அதே அளவில் இன்னொரு பல்சக்கரம். நடுக் குடத்தில் அழகாக, ஆழமாக, 47.

"ஒமக்கு நம்பர் ஒத்துப்போச்சு" என்றார் சாயிப்பு. "பல்லு ஒத்துப்போவுதான்னு பாரும்."

அரைமணி நேரம்

ஒத்துப்போனது. எந்த அளவுக்கு என்றால், கொண்டுவந்து மாட்டியபோது துளையில் துளை அப்படியே உட்கார்ந்தது. யோசுவா முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். முதலாளி கற்பூரம் கொண்டுவரச் சொன்னார்.

எஞ்சின் அரைமணி நேரம் ஓடியது. பிறகு நறநறவென்று ஒரு சத்தம். பல் பிடிக்காமல் வழுக்கி, எஞ்சின் முக்கி முனகி நின்றது. முதலாளி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பத்தாமுதயம் அடுத்த வாரமாக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனார்.

மறுநாள் காலையில் தண்ணீர் கோரும்போது வாளியின் கைப்பிடி என் விரலில் உறுத்தியது. சாயிப்பு சொன்ன ஞாபகத்தில் தடவிப் பார்த்தேன். 47.

வாளிக்கு எதற்கு எஞ்சின் நம்பர்? மில்லுக்குள் போய்ப் பார்த்தேன். கடப்பாரையில் 47. எண்ணெய்த் தகரத்தில் 47. திரும்பி வந்து என் படுக்கையறை ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். அதிலும் 47.

டிப்போ வாசலில் தங்கையன் இருந்தான். தடிக்கு முத்திரை அடிக்கிறவன். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தடியின் வெட்டுமுகத்திலும் நம்பர் அடிப்பது அவன் வேலை. நம்பர் இல்லாத தடியைப் பார்த்தால் காட்டதிகாரி களவுத் தடி என்று எழுதிக் கொண்டுபோய்விடுவார். அதனால் அந்த வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு. தங்கையனுக்கு அந்த மதிப்பு கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

"தங்கையா, இந்த வாளிக்கு நம்பர் அடிச்சது ஆரு?"

"நானாக்கும், வாத்திச்சியம்மா. எப்பிடி? நல்லாத் தெளிஞ்சு நிக்குதில்லியா?"

"எஞ்சின் சக்கரத்துக்கு?"

"அதும் நான்தான். எஸ்டேட்டுல இருந்து எஞ்சின் எறங்கின லோடு நாப்பத்தேழு. அந்த லோடுல வந்ததுக்கு எல்லாம் நாப்பத்தேழு. நம்பர் இல்லாத சாமானம் ஒண்ணும் டிப்போக்குள்ள நிக்கப்படாதுன்னு மொதலாளி சொன்னாரில்லியா?"

"அந்த லோடுல எத்தன சக்கரம் வந்துது?"

"ரெண்டு. ஒண்ணு தேஞ்சு போனது. நம்ம யோசுவா அண்ணனுக்கு முன்ன எஞ்சின் ஓட்டினவரு அதப் பழைய இரும்புக்குக் குடுத்திட்டாரு."

எங்கள் டிப்போ உதவாது என்று கழித்த சக்கரத்தைத்தான் நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லி வாங்கி வந்திருந்தோம்.

யோசுவாவிடம் சொன்னேன். வாளியை வாங்கிக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப சாயிப்பு சொன்னது செரிதான், என்னா?" என்றார்.

"சாயிப்பு சொன்னப்ப நீங்க குவியலுக்கு அந்தப் பக்கம்லா நின்னிய" என்றேன். அந்த நேரத்தில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் வாடிவிட்டது.

சந்தனத்துக்கு அடியில்

ஆக, அடுக்களைக்குத் திரும்புவோம். புளி, சாம்பல், தும்பு, பல்போன சக்கரம்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை எஞ்சினுக்குச் சந்தனம் சாத்துவார்கள். பெயர்த் தகடு எப்போதோ விழுந்து தொலைந்துபோனதால், வெளியே தெரிகிற பெரிய பல்சக்கரத்தின் முகத்தில்தான் சாத்துவது. மில் ஆட்கள் அதைத் துடைக்கமாட்டார்கள், பூஜைச் சந்தனம் ஆயிற்றே. யோசுவாவும் துடைக்கமாட்டார், பூஜைச் சந்தனம் ஆயிற்றே. அன்றைக்கு மட்டும் அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் வேதப் புத்தகம் வாசிப்பார். இப்படி இரண்டு மதத்துக்காரர்களும் பயபக்தியோடு விட்டுவைத்ததில்தான் அந்த ஒரு விரல் கனம் சேர்ந்திருந்தது.

மூன்றாம் தடவை புளித்தண்ணீர் விட்டபோது ஏதோ விரலில் தட்டியது. மேலே தூக்கி நிற்கும் எழுத்து. நாலு இலக்கம். அதற்கு மேல் ஒரு சின்ன நங்கூரம்.

என் கை நின்றுவிட்டது.

"என்னட்டி?"

"இத நான் தெனமும் பாக்கேன்" என்றேன்.

எங்கள் சபைப் பள்ளியில், ஞாயிற்றுக்கிழமை அதுதான் ஆலயம், மணியாகத் தொங்கியது ஒரு இரும்புச் சக்கரம். ஒரு பழைய போல்ட்டை வைத்து அதை அடிப்பார்கள். நான் ரேந்தை சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு நேர் எதிரே தொங்கும். அதிலும் ஒரு நங்கூரம் உண்டு. எங்கள் உபதேசியார் அந்த நங்கூரத்தைக் காட்டி வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரசங்கம் பண்ணுவார். புயலில் அலையும் ஆத்துமாவுக்கு நங்கூரம் எது என்று கேட்டு, மணியை நோக்கிக் கையை நீட்டுவார். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும். நானும் பார்த்திருக்கிறேன்.

ரேந்தைக்கு மாதிரி எடுக்கிற மெல்லிய தாளைச் சக்கரத்தின் மேல் விரித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். நங்கூரமும் நாலு இலக்கமும் தாளில் ஏறின. அதை மடித்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடி, மணியின் மேல் வைத்துப் பார்த்தேன். நங்கூரத்தில் நங்கூரம், இலக்கத்தில் இலக்கம். பற்களை எண்ணினேன். ஒன்று கூடக் குறையவில்லை.

மணியை இறக்கியது

உபதேசியார் முதலில் சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"ஞானம்மா, அது சபைக்க மணியாக்கும்."

"எஞ்சினுக்க சக்கரம், உபதேசியாரே. ஒங்களுக்கு ஆரு தந்தது?"

"எஸ்டேட்டு தொரை தந்தாரு. அங்க ஒரு எஞ்சின ஒடச்சப்போ."

"அதே எஸ்டேட்டுல இருந்துதான் எங்க எஞ்சினும் வந்துது."

"அப்ப அந்த நங்கூரம்?"

"சாமானம் செய்த கம்பெனிக்க அடையாளம்."

அவர் மணியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மிகவும் பாவமாக இருந்தது. அத்தனை வருஷப் பிரசங்கத்தை நான் ஒரு தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு கெடுத்துவிட்டேன். ஆனாலும் மாமியார் வீட்டு உப்புப் பரணி கண் முன்னால் நின்றது. விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஆண்டவருடைய ஆலயத்தில் தொங்கிய சக்கரம் ஞாயிற்றுக்கிழமை சுற்றக்கூடாது.

யோசுவா முதலாளியிடம் போய்ச் சொன்னார். தாணுப் பிள்ளை வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அமாவாசைக்கு நிறுத்துகேன், சிவராத்திரிக்கு நிறுத்துகேன். உங்க சாமிக்கு வாரத்துல ஒரு நாளு குடுத்தா என்ன கொறஞ்சிரும்?" என்றார். அன்றுமுதல் மில் ஆட்களுக்கு ஞாயிறு விடுமுறை. சைவப் பிள்ளையின் மில்லில் கிறிஸ்தவ ஓய்வுநாள் நுழைந்தது அப்படித்தான்.

மணிக்குப் பதில் மணி வேண்டுமே என்று, தேய்ந்துபோன அந்த இன்னொரு சக்கரத்தைப் பள்ளியில் கட்டித் தொங்கவிட்டோம். அதில் இருந்த எழுத்து தேய்ந்து, தங்கையனின் 47 மட்டும்தான் மிச்சம். அதை வைத்துப் பிரசங்கம் பண்ண உபதேசியார் கடைசிவரை முயலவில்லை.

பத்தாமுதயத்துக்கு முந்தின நாள் சக்கரத்தை மாட்டினார்கள். அதற்குச் சற்று முன் தங்கையன் சுத்தியலும் நம்பர் உளியுமாக வந்து நின்றான். 47 அடிக்கவேண்டுமாம். எங்கே அடிக்கப்போகிறான் என்று பார்த்தால், சரியாக அந்த நங்கூரத்தின் மேல் உளியை வைக்கிறான். அங்கே அடித்தால்தான் எல்லோர் கண்ணிலும் படுமாம். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

"அடையாளம் ஒண்ணும் இல்லேன்னா மொதலாளி என்னயக் கொன்னுருவாரு, வாத்திச்சியம்மா."

"அடையாளம்தானே? இஞ்ச குடு."

அவனுடைய பெட்டியிலிருந்து கூர் உளியை எடுத்தேன். நடுக் குடத்தின் ஓரத்தில், நங்கூரத்துக்கு எட்டாத இடத்தில், ஐந்து புள்ளி அடித்தேன். நடுவில் ஒன்று, சுற்றி நாலு. ரேந்தை பழகவரும் பிள்ளைகளுக்கு முதல்நாள் சொல்லிக்கொடுக்கிற பூ. மாதிரித் தாளில் நடுக் குண்டூசியை முதலில் குத்தவேண்டும், இல்லாவிட்டால் பூ ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். யோசுவா எண்ணெய் எடுக்கப் போயிருந்தார். அவர் பார்க்கவில்லை. சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

எஞ்சின் ஓடியது. அரைமணி தாண்டியது, ஒருமணி தாண்டியது. வாளின் சத்தம் மாறாமல் வந்துகொண்டே இருந்தது. மரத்தூள் பறந்து என் முற்றத்தில் விழுந்தது. அதைப்போல ஒரு அழகை நான் பார்த்ததில்லை.

முதலாளி யோசுவாவின் முதுகில் தட்டினார். "நீ ஆளு கொள்ளாமே! எழுத்தத் தடவிப் பாத்தே கண்டுபிடிச்சுப்போட்டியே!"

யோசுவா என்னைப் பார்த்தார். நான் பலாமரத்தைப் பார்த்தேன்.

"ஆமா, மொதலாளி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வீடு தங்கிவிட்டதே என்று அழுகையும் வந்தது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.

ஐந்து புள்ளி

அதன்பிறகு மற்ற மில்காரர்களும் எஸ்டேட் கங்காணிகளும் பழைய சாமானோடு யோசுவாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர் வாங்கி, தூக்கிப் பார்த்து, "வச்சிட்டுப் போங்க, ஆலோசிச்சுச் சொல்லுதேன்" என்பார். ஆலோசனை என் அடுக்களையில் நடக்கும். எங்கள் வீட்டில் குழம்புக்கு ஆன புளியைவிட இரும்புக்கு ஆன புளிதான் அதிகம்.

அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். தாணுப் பிள்ளை காலமானபின் அவருடைய பிள்ளைகள் மில்லைக் கழற்றித் துண்டு துண்டாக விற்றார்கள். வீட்டைக் காலி செய்தபோது நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த வாளி ஒன்றுதான்.

அதே வாரம் வாளியும் கையுமாகப் புதுக்கடையில் பீர் சாயிப்பின் கடைப்பக்கம் போனோம். சாயிப்பு இல்லை, அவர் மகன் இருந்தான். யோசுவாவைக் கண்டதும் எழுந்து நின்றான். ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் சாமான் வாங்க வந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பல்சக்கரத்தை எடுத்து நீட்டினான்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. அஞ்சு புள்ளிப் பூ. அசல் சீமச் சாமானத்துக்க அடையாளம் இதாக்குமில்லியா? தாணுப் பிள்ளைக்க எஞ்சின்ல இருந்தது இதேதானே? இந்தப் பூ இல்லாத சாமானத்த வாப்பா கடையில வைக்கவே மாட்டேன்."

நான் வாங்கிப் பார்த்தேன். என் சக்கரம் இல்லை. நங்கூரமும் இல்லை. குவியலிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். அதிலும் ஐந்து புள்ளி. பக்கத்தில் கிடந்த உடைந்த கப்பியில் ஐந்து புள்ளி. குவியலில் பாதிக்கு மேல் பூத்துக் கிடந்தது.

யோசுவா அந்தச் சக்கரத்தை என் கையிலிருந்து வாங்கினார். கண்ணை மூடினார். பெருவிரலால் ஐந்து புள்ளியையும் மெல்லத் தடவினார்.

"அசல்தான்" என்றார்.

தோட்டக்காரர் பணம் எடுக்க மடியை அவிழ்க்கத் தொடங்கினார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சாயிப்பின் மகனிடம் சொன்னேன்.

"தம்பி, புள்ளி ஒருபக்கம் சாஞ்சு நிக்குது. இத அடிக்குதவன்ட்ட நடுப்புள்ளிய முதல்ல அடிக்கச் சொல்லு."